ஃபிலிப்போ தோர்த்து: இத்தாலியின் 9.99 ஓட்டக்காரர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆண்கள் 4x100 மீட்டர் தொடர் ஓட்டத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கடைசி நொடி மறந்திருக்காது. பிரிட்டன்காரர் ஜெயித்துவிட்டார் என்றே எல்லோரும் நினைத்தபோது, நீல உடையில் ஓர் உயரமான இத்தாலிக்காரர் நெஞ்சை முன்னால் தள்ளித் தங்கத்தைப் பறித்தார். அவர்தான் தோர்த்து. அவரைப் பற்றித் தடகள ரசிகர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளும் பதில்களும் இங்கே.

யார் இவர்? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

ஃபிலிப்போ தோர்த்து 1998 ஜூன் 15 அன்று மிலானில் பிறந்தவர். 100, 200 மீட்டர் குறுந்தூர ஓட்டக்காரர். 100 மீட்டரைப் பத்து வினாடிக்குள் ஓடிய முதல் இத்தாலியர். 2021 டோக்கியோவில் தொடர் ஓட்டத் தங்கம், 2023 புடாபெஸ்ட் உலகப் போட்டியில் தொடர் ஓட்ட வெள்ளி, 2024 ரோம் ஐரோப்பியப் போட்டியில் தொடர் ஓட்டத் தங்கமும் 200 மீட்டர் வெள்ளியும், அதற்கு முன் 2022 மியூனிக்கில் 200 மீட்டர் வெண்கலம். பெரியவர்களுக்கான உலகப் போட்டிகளில் தனி ஓட்டப் பதக்கம் கிடையாது. அவரைப் பற்றிய பாதி வாதம் இந்தக் கடைசி வரியைச் சுற்றித்தான் நடக்கிறது.

குடும்பத்திலேயே ஓட்டம் இருந்ததா?

இருந்தது. அப்பா சால்வினோவும் குறுந்தூரம் ஓடியவர். அவருடைய பூர்வீகம் சார்டினியா தீவு. மகனுக்குச் சின்ன வயதிலிருந்தே பயிற்சி கொடுத்தவர் அவர்தான். தோர்த்து வளர்ந்தது மிலானுக்கு வடக்கே, மோன்ஸாவை ஒட்டிய பிரியான்ஸா வட்டாரத்தில்.

பெற்ற அப்பாவே பயிற்சியாளர் என்பதில் ஒரு வசதியும் உண்டு, ஒரு சங்கடமும் உண்டு. பையனின் கால் எப்போது கனக்கிறது, எப்போது சும்மா சாக்குச் சொல்கிறான் என்று அப்பாவுக்குத் தெரியும். ஆனால் பந்தயம் சரியாகப் போகாத அன்று, சாப்பாட்டு மேசையிலும் எதிரே அதே பயிற்சியாளர்தான் உட்கார்ந்திருப்பார். இளைஞராக இருந்தவரை தோர்த்துவை ஒவ்வொரு வாரமும் போட்டிக்கு இழுத்துக்கொண்டு ஓடாமல், நிதானமாக வளர்த்தார்கள் என்பதுதான் வெளியிலிருந்து தெரிவது. பதினாறு, பதினேழு வயதில் மின்னிவிட்டு இருபதில் காணாமல் போகிற ஓட்டக்காரர்கள் ஏராளம். அந்தக் கூட்டத்தில் இவர் சேரவில்லை.

இரண்டு கையும் உடைந்த கதை உண்மையா?

உண்மை. 2014-ல் சீனாவின் நான்ஜிங்கில் இளையோர் ஒலிம்பிக். தோர்த்துவுக்கு அப்போது பதினாறு வயது. 200 மீட்டரில் விழுந்ததில் இரண்டு கைகளிலும் எலும்பு முறிந்தது. ஓட்டக்காரருக்குக் கை உடைந்தால் என்ன, கால்தானே முக்கியம் என்று கேட்பவர்கள் உண்டு. குறுந்தூரத்தில் கைவீச்சுதான் காலின் தாளத்தை வைத்திருக்கிறது. தவிர, ஸ்டார்டிங் பிளாக்கில், அதாவது ஓட்டம் தொடங்கக் கால் ஊன்றும் தாங்கியில், உட்காரும்போது உடம்பின் பாரத்தில் பெரும்பங்கு விரல் நுனிகள் வழியாக இரண்டு கைகளுக்கும்தான் போகிறது. கை சரியாகாமல் ஒரு நல்ல ஸ்டார்ட்கூடப் பழக முடியாது.

நோவா லைல்ஸுடன் அவர் ஓடியிருக்கிறாராமே?

2016 ஜூலை, போலந்தின் பிட்கோஷ்ச் நகரில் இருபது வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டி. 100 மீட்டர் இறுதியில் லைல்ஸ் 10.17, தோர்த்து 10.24. தங்கமும் வெள்ளியும் அப்படிப் போயின. லைல்ஸ் பின்னாளில் 2024 பாரிஸில் 100 மீட்டர் ஒலிம்பிக் சாம்பியன் ஆனவர். அன்று இருவருக்கும் நடுவே இருந்தது நூறில் ஏழு பங்கு வினாடி. இந்த ஒரு வெள்ளியை வைத்தே இத்தாலியப் பத்திரிகைகள் கனவு காணத் தொடங்கிவிட்டன. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. பத்துப் பதினைந்து ஆண்டுகளாக அவர்களுக்கு 100 மீட்டரில் கொண்டாட ஒன்றும் இருந்ததில்லை.

10.73 ஓடி ஐரோப்பிய ஜூனியர் தங்கம் வாங்கினாரா? பள்ளிப் பையன்களே அதைவிட வேகமாக ஓடுவார்களே?

2017 கோடையில் இத்தாலியின் க்ரோசெத்தோ நகரில் நடந்த ஐரோப்பிய ஜூனியர் போட்டி அது. சொந்த நாட்டு ரசிகர்கள், எல்லோர் கண்ணும் இவர் மேல். இறுதி ஓட்டம் தொடங்கும் நேரத்தில் முகத்தில் அறைகிற மாதிரி காற்று. காற்றுமானி காட்டியது மைனஸ் 4.3, அதாவது வினாடிக்கு 4.3 மீட்டர் வேகத்தில் எதிர்க்காற்று.

இதை எப்படிப் புரிந்துகொள்வது? உச்சத்தில் ஓடுகிற ஒரு மேல்மட்ட வீரர் வினாடிக்கு பதினொரு மீட்டருக்கு மேல் போகிறார். காற்றே இல்லாத நாளில்கூட அந்த வேகத்தில் எதிர்ப்பு அவர் நெஞ்சில் மோதிக்கொண்டுதான் இருக்கும். அந்த எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும் என்பதால், எதிரிலிருந்தும் காற்று வந்தால் தண்டனை கூடிக்கொண்டே போகும். முதுகில் 2 மீட்டர் காற்று இருந்தால் ஏறக்குறைய 0.10 வினாடி லாபம் என்பது தடகளத்தில் பழகிய கணக்கு. எதிரில் 4.3 என்றால் கால் வினாடியோ அதற்கு மேலோ போய்விடும். உயரமானவருக்கு இன்னும் மோசம், ஏனென்றால் காற்று மோதுவதற்கு அவரிடம் உடம்பு அதிகம். தோர்த்து 1.87 மீட்டர்.

அதனால் அந்த 10.73-ஐப் பலகையில் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கக் கூடாது. அன்று அந்தக் காற்றில் அவரைவிட வேகமாக வந்தவர் ஒருவரும் இல்லை. இது எனக்கு மிகவும் பிடித்த தோர்த்து ஓட்டங்களில் ஒன்று. எண்ணைத் துரத்தாமல் பக்கத்தில் ஓடுகிறவரைத் துரத்தினால் போதும் என்கிற மாதிரி ஓட்டங்களில்தான் இவர் எப்போதும் நன்றாக ஓடியிருக்கிறார். டோக்கியோவைப் பற்றிப் பேசும்போது இதற்குத் திரும்ப வருவோம்.

9.99 எங்கே, எப்போது?

2018 ஜூன் 22, மாட்ரிட். முதுகுப் பக்கமிருந்து வந்த சாதகக் காற்று வினாடிக்கு வெறும் 0.2 மீட்டர். தோர்த்துவுக்கு இருபது வயது முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. அந்த ஓட்டத்தில் அவர் ஜெயிக்கவில்லை. சீனாவின் சூ பிங்தியான் 9.91 ஓடி ஆசியச் சாதனையைச் சமன் செய்தார், தோர்த்து இரண்டாவது. அதற்கு முந்தைய மாதம் இத்தாலியின் சவோனாவில் 10.03, ரோமின் கோல்டன் காலா தடகளப் போட்டியில் 10.04 என்று நெருங்கி நெருங்கி வந்துகொண்டிருந்ததால் யாருக்கும் இது திடீர் அதிர்ச்சி இல்லை. எந்த ஊரில், எந்த வாரத்தில் என்பதுதான் கேள்வியாக இருந்தது.

ஒரு 9.99-க்கு ஏன் அவ்வளவு ஆர்ப்பாட்டம்? அமெரிக்காவில் வருஷத்துக்குப் பத்துப் பேர் ஓடுகிறார்களே?

இத்தாலியில் அது வெறும் எண் இல்லை, பியெத்ரோ மென்னேயாவின் பெயர்.

மென்னேயா தெற்கு இத்தாலியின் பார்லெத்தா ஊர்க்காரர். 1979 செப்டம்பர் 4 அன்று மெக்சிகோ சிட்டியில் 100 மீட்டரை 10.01-ல் ஓடினார். அடுத்த வாரம், 12-ஆம் தேதி, அதே நகரில் உலகப் பல்கலைக்கழக விளையாட்டுப் போட்டியில் 200 மீட்டரை 19.72-ல் ஓடினார். உலக சாதனை. 1996-ல் மைக்கேல் ஜான்சன் வந்து உடைக்கும்வரை ஏறக்குறைய பதினேழு ஆண்டுகள் அது நின்றது. ஐரோப்பியச் சாதனையாக இன்னமும் நிற்கிறது. 1980 மாஸ்கோவில் 200 மீட்டர் ஒலிம்பிக் தங்கமும் மென்னேயாவுக்குத்தான். பயிற்சியில் அவர் கொடூரமாக உழைப்பார் என்பது இத்தாலியில் பழமொழி மாதிரி. 2013-ல் இறந்தார்.

அப்படிப்பட்டவர் விட்டுப்போன 10.01-ஐ முப்பத்தெட்டு ஆண்டுகளுக்கும் மேலாக எந்த இத்தாலியராலும் தொட முடியவில்லை. தலைமுறை தலைமுறையாக வந்தார்கள், 10.1, 10.2 என்று நின்றுபோனார்கள். ஓர் இருபது வயதுப் பையன் அதைத் தாண்டி, கூடவே பத்து வினாடிக் கோட்டையும் தாண்டினான் என்றால் ஊர் சும்மா இருக்குமா?

இன்னொன்றும் உண்டு. மெக்சிகோ சிட்டி கடல்மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று மெல்லியது, குறுந்தூர ஓட்டக்காரருக்கு எதிர்ப்பு குறைவு. மாட்ரிட்டும் மேட்டு நிலம்தான் என்றாலும் அந்த உயரத்தின் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆகவே இரண்டு ஓட்டங்களுக்கும் நடுவே உள்ள வித்தியாசம் பலகை காட்டுகிற 0.02-ஐவிடப் பெரியது. இதைச் சொல்வதால் மென்னேயா சின்னவராகிவிட மாட்டார். 1979-ன் தளமும் ஷூவும் இன்றைக்குள்ளவை இல்லையே.

9.97 ஓடினார் என்றும் எங்கோ படித்தேன். எது சரி?

இரண்டும் சரி. 2019 மே மாதம் ரியெத்தியில் 9.97 ஓடினார், ஆனால் சாதகக் காற்று 2.4. வினாடிக்கு 2.0 மீட்டருக்கு மேல் போனால் சாதனைக் கணக்கில் சேராது. பட்டியலில் அவருடைய சொந்தச் சிறந்த நேரம் இன்றும் 9.99-தான்.

தோஹாவில் கடைசியிலிருந்து இரண்டாவதாக வந்ததை ஏன் சாதனை என்கிறார்கள்?

2019 தோஹா உலகப் போட்டி, 100 மீட்டர் இறுதி, ஏழாவது இடம், 10.07. அந்த இறுதியில் ஒரு இத்தாலியர் நின்றதே 1987 ரோம் போட்டிக்குப் பிறகு முதல் முறை. அன்று நின்றவர் பவோனி. அதுவும் அந்த ஆண்டு கோடையில் அமெரிக்காவில் ஓடும்போது காலில் அடிபட்டு, சில வாரங்கள் ஓட்டமே இல்லாமல் இருந்துவிட்டு வந்த தோர்த்து. உலகின் எட்டுப் பேரில் ஒருவராக நிற்பது சாதனைதான். பதக்கம் இல்லாத இறுதிச் சுற்றை மதிக்கத் தெரியாதவர்கள் தடகளம் பார்ப்பது வீண் வேலை.

தேசியச் சாதனை எவ்வளவு நாள் அவர் கையில் இருந்தது?

மூன்று ஆண்டுகூட இல்லை. 2021 மே 13 அன்று சவோனாவில் மார்செல் யாக்கோப்ஸ் 9.95 ஓடினார். அமெரிக்காவின் எல் பாசோவில் பிறந்து இத்தாலியில் வளர்ந்தவர் அவர், நீளம் தாண்டுதலிலிருந்து ஓட்டத்துக்கு வந்தவர். அதே ஆண்டு ஆகஸ்டில் டோக்கியோ அரையிறுதியில் 9.84, இறுதியில் 9.80, ஒலிம்பிக் தங்கம், ஐரோப்பியச் சாதனை.

முப்பத்தெட்டு ஆண்டு காத்திருந்த நாட்டுக்கு மூன்றே ஆண்டில் இரண்டு பேர் கிடைத்தார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தோர்த்துவின் இடத்தில் நின்று யோசித்துப் பாருங்கள். "இத்தாலியின் வேகமான மனிதர்" என்று இருபது வயதில் பட்டம் சூட்டி, விளம்பரப் பலகையில் ஏற்றி, ஒவ்வொரு ஓட்டத்திலும் 9.99 எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள், ஒரே மாதத்தில் வேறு பக்கம் திரும்பிவிட்டார்கள். டோக்கியோ 100 மீட்டர் அரையிறுதியில் தோர்த்து 10.16-ல் வெளியேறிய அதே இரவில் யாக்கோப்ஸ் உலகத்தின் உச்சியில் நின்றார். ஐந்து நாள் கழித்து இருவரும் ஒரே அணியில் ஓட வேண்டும்.

சரி, அந்தத் தொடர் ஓட்டத்துக்கு வருவோம். என்னதான் நடந்தது?

2021 ஆகஸ்ட் 6, இரவு. அமெரிக்கா தகுதிச் சுற்றிலேயே கட்டை மாற்றத்தில், அதாவது ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்குக் கட்டை போகும் இடத்தில், சொதப்பி வெளியே போயிருந்தது. போல்ட் இல்லாத ஜமைக்கா. இத்தாலி முந்தைய நாள் 37.95 ஓடி தேசியச் சாதனை படைத்திருந்தது என்றாலும், தங்கம் என்று யாரும் சத்தமாகச் சொல்லவில்லை.

ஓடிய வரிசை: லொரென்சோ பாத்தா, யாக்கோப்ஸ், ஃபாவுஸ்தோ தேசாலு, தோர்த்து. பாத்தா சார்டினியாப் பையன், அப்போது இருபத்தொரு வயது. தேசாலு நைஜீரியப் பெற்றோருக்கு இத்தாலியில் பிறந்தவர். வளைவில் ஓடுவதற்கென்றே வார்த்த உடம்பு அவருக்கு.

பாத்தா 10.29-ல் முதல் வளைவை முடித்தார். யாக்கோப்ஸ் எதிர்ப்பக்க நேர்கோட்டை 8.925-ல். தேசாலு இரண்டாம் வளைவை 9.44-ல். கடைசி மாற்றம் முடிந்து நேர்கோட்டில் நிமிர்ந்தபோது முன்னால் பிரிட்டன் இருந்தது. ஓடுகிறவர் நெத்தனீல் மிட்செல்-பிளேக், 200 மீட்டரில் பேர்போனவர், நேர்கோட்டின் கடைசிப் பாதியில் தளராதவர். இடைவெளி பெரிதில்லை, ஆனால் கண்ணுக்குத் தெரிகிற இடைவெளி.

தோர்த்து உடனே பாய்ந்து பிடிக்கவில்லை. ஒளிப்பதிவை மெதுவாக ஓட்டிப் பார்த்தால் தெரியும்: முதல் நாற்பது மீட்டர் இடைவெளி ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. பிறகு ஒவ்வோர் எட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாக அது கரைகிறது. தோள் இறங்கியே இருக்கிறது, தாடை இறுகவில்லை. பக்கத்து வீரரைப் பார்க்கத் தலை திரும்பவும் இல்லை. கடைசி இரண்டு எட்டில்தான் உடம்பு முன்னால் சாய்கிறது. மிட்செல்-பிளேக்கும் சாய்ந்தார். கோட்டைத் தாண்டியபின் இருவருக்குமே யார் ஜெயித்தது என்று தெரியவில்லை, பலகையைப் பார்க்க வேண்டியிருந்தது. இத்தாலி 37.50. பிரிட்டன் 37.51.

தோர்த்து தலையில் கைவைத்துக்கொண்டு கத்தினார், அழுதார். இத்தாலி இந்தப் போட்டியில் அதற்கு முன் 1932-லும் 1948-லும் வெண்கலம், 1936-ல் வெள்ளி வாங்கியிருந்தது. தங்கம் இதுதான் முதல்.

கடைசி ஓட்டக்காரராக ஏன் அவரை வைத்தார்கள்? யாக்கோப்ஸ்தானே வேகமானவர்?

நல்ல கேள்வி. கிரிக்கெட்டில் கடைசி ஓவரை யாருக்குக் கொடுப்பது என்கிற மாதிரி, இதற்கு ஒரே விடை கிடையாது. ஆனால் காரணங்கள் இருக்கின்றன.

இரண்டாவது ஓட்டக்காரர்தான் கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அதிக தூரம் ஓடுகிறவர்களில் ஒருவர். வாங்கவும் வேண்டும், கொடுக்கவும் வேண்டும், இரண்டும் முழு வேகத்தில். அங்கே அணியின் வேகமானவரை வைத்து ஆரம்பத்திலேயே போட்டிக்குள் வந்துவிடுவது பல அணிகளின் வழக்கம். கடைசி ஆள் வாங்கினால் போதும். ஆனால் பக்கத்தில் ஆள் ஓடும்போது உடம்பு இறுகாமல் இருக்க வேண்டும்.

தோர்த்துவின் பலவீனம் ஸ்டார்ட். உயரமானவர், நீண்ட கால்கள், பிளாக்கிலிருந்து எழுந்து வேகம் பிடிக்க நேரம் எடுக்கும். முதல் முப்பது மீட்டரில் எப்போதும் பின்னால்தான் இருப்பார். அறுபது மீட்டருக்கு மேல்தான் அவர் ஓட்டம் அழகாகும். தொடர் ஓட்டத்தின் நான்காம் இடத்தில் பிளாக்கே கிடையாது. நின்ற இடத்திலிருந்து தன் அடையாளக் கோட்டைப் பார்த்துக் கிளம்பி, முப்பது மீட்டர் மாற்று எல்லைக்குள் வேகம் பிடித்து, பின்னால் கூவும் குரல் கேட்டதும் கையை நீட்டினால் கட்டை வந்து விழும். எது அவருக்கு வராதோ அதைக் கழித்துவிட்டு, எது வருமோ அதை மட்டும் கேட்கிற வேலை.

இத்தாலியின் தொடர் ஓட்டப் பயிற்சியாளர் ஃபிலிப்போ தி முலோ இந்தக் கணக்கைச் சரியாகப் போட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். 2019 தோஹாவில் 38.11 ஓடி அப்போதைய தேசியச் சாதனை வைத்தபோதும் கடைசி ஆள் தோர்த்துதான்.

கடைசி 100 மீட்டரை 8.85-ல் ஓடினாராம். அது போல்ட்டின் உலக சாதனையைவிட வேகமா?

துல்லியமாகச் சொன்னால் 8.845. ஒப்பிடக் கூடாது. போல்ட்டின் 9.58 நின்ற நிலையிலிருந்து, துப்பாக்கிச் சத்தத்துக்கு எதிர்வினை காட்டும் நேரத்தையும் சேர்த்து. தொடர் ஓட்டத்தில் நேரம் எண்ணத் தொடங்கும்போதே ஓட்டக்காரர் வேகத்தில் இருக்கிறார். மேலும் இங்கே அளப்பது கட்டை கடந்த நேரத்தை. யாக்கோப்ஸின் 8.925-உம் நேர்கோடுதான், அதனால் இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அன்றைய ஒலிம்பிக் சாம்பியனைவிட அவருடைய அணித்தோழர் தன் பங்கைக் கொஞ்சம் விரைவாக முடித்திருக்கிறார். யாக்கோப்ஸ் கட்டையைக் கொடுக்கவும் வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிரிட்டனின் வெள்ளி பறிக்கப்பட்டதே, அதனால் இத்தாலிக்கு ஏதாவது மாற்றமா?

பதக்கத்தில் இல்லை. பிரிட்டனின் முதல் ஓட்டக்காரர் சி.ஜே. உஜா ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கியதால், 2022 பிப்ரவரியில் அணியின் வெள்ளி போனது. கனடா (37.70) வெள்ளிக்கும் சீனா (37.79) வெண்கலத்துக்கும் ஏறின.

மிட்செல்-பிளேக் உள்பட மற்ற மூவருக்கும் இது அநியாயம்தான். தோர்த்துவின் கோணத்திலும் ஒரு விநோதம் இருக்கிறது: அதிகாரப்பூர்வ முடிவுத்தாளில் இப்போது முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் 0.20 வினாடி இடைவெளி. தாளை மட்டும் பார்க்கிறவருக்கு ஏதோ சுலபமாக ஜெயித்த மாதிரி இருக்கும்.

அப்புறம் ஏன் 200 மீட்டருக்குப் போனார்?

அப்புறம் என்று சொல்ல முடியாது, முன்பே இருந்தது. 2017 ஜூனில், பத்தொன்பது வயது ஆவதற்குச் சில நாள் முன்பு, ரோம் கோல்டன் காலாவில் 20.34 ஓடினார். அந்த ஆண்டு லண்டன் உலகப் போட்டியில் 200 மீட்டர் அரையிறுதி வரை போனார். மாட்ரிட் 9.99 வந்த பிறகு எல்லோரும் 100, 100 என்றார்கள், அவரும் அதன் பின்னால் போனார்.

2022 முதல் 200 மீட்டரை முதன்மையாக எடுத்துக்கொண்டார். உடனே பலன் தெரிந்தது. யூஜீன் உலகப் போட்டி அரையிறுதியில் 20.10. இன்றும் அவருடைய சிறந்த நேரம் அதுதான். ஆனால் அந்த நேரத்துக்கும் இறுதியில் இடம் கிடைக்கவில்லை, அந்த ஆண்டு 200 மீட்டர் அவ்வளவு கடுமை. அடுத்த மாதம் மியூனிக் ஐரோப்பியப் போட்டியில் 20.27 ஓடி வெண்கலம். முன்னால் வந்த இருவர் பிரிட்டனின் சார்னெல் ஹியூஸும் மிட்செல்-பிளேக்கும். டோக்கியோ இறுதியில் பிரிட்டனுக்காக ஓடிய அதே இருவர்.

2023-ல் ஐரோப்பிய அணிப் போட்டியில் 200 மீட்டரில் ஜெயித்தார், அணிப் பட்டத்தை இத்தாலி முதல் முறையாக வென்றது. 2024 ஜூனில் ரோம், சொந்த மண்ணில் ஐரோப்பியப் போட்டி. 20.41 ஓடி வெள்ளி. தங்கத்தை அதிகம் அறியப்படாத சுவிஸ் இளைஞர் திமோத்தே முமென்தாலர் 20.28-ல் கொண்டுபோனார். என் கணிப்பில் தோர்த்து தவறவிட்ட மிகப் பெரிய வாய்ப்பு இதுதான். 20.28 என்பது அவரால் பல முறை ஓட முடிந்த நேரம். இரண்டு நாள் கழித்து தொடர் ஓட்டத்தில் 37.82-ல் தங்கம் வந்து கொஞ்சம் ஆறுதல் தந்தது.

அவர் போலீஸ் அதிகாரியா? செய்திகளில் அப்படி வருகிறதே?

இத்தாலியில் ஒலிம்பிக் வீரர்கள் பலர் சீருடைப் படைகளின் விளையாட்டுப் பிரிவுகளில் வேலையில் இருப்பவர்கள். சம்பளம், மருத்துவம், பயிற்சி வசதி எல்லாம் அங்கிருந்து. தோர்த்து மிலானின் ரிக்கார்தி கிளப்பில் வளர்ந்து, பிறகு ஃபியாம்மே ஜால்லே அணியில் சேர்ந்தார். அது வரி ஏய்ப்பு, கடத்தல் முதலியவற்றைக் கவனிக்கும் நிதிக் காவல் படையான குவார்தியா தி ஃபினான்சாவின் விளையாட்டுப் பிரிவு. யாக்கோப்ஸ் மாநிலக் காவல்துறையின் ஃபியாம்மே ஓரோவுக்கு ஓடினார். தோர்த்து உங்கள் கணக்குப் புத்தகத்தைச் சோதிக்க வரமாட்டார், பயப்பட வேண்டாம்.

பாரிஸில் என்ன ஆயிற்று?

200 மீட்டரில் இறுதிக்கு வரவில்லை. தொடர் ஓட்டத்தில் மெல்லுத்சோ, யாக்கோப்ஸ், பாத்தா, தோர்த்து ஓடினார்கள், 37.68, நான்காம் இடம். கனடா 37.50-ல் தங்கம் வாங்கியது. டோக்கியோவில் இத்தாலிக்குத் தங்கம் தந்த அதே நேரம்! மூன்றாவதாக வந்த பிரிட்டன் 37.61. முந்தைய ஆண்டு புடாபெஸ்டில் 37.62 ஓடி வெள்ளி வாங்கிய அணிக்கு இது வலித்திருக்கும், ஆனால் மோசமான ஓட்டம் என்று சொல்ல மாட்டேன்.

2018-க்குப் பிறகு ஒருமுறைகூடப் பத்து வினாடிக்குள் வரவில்லையே. அப்படியென்றால் தோல்விதானே?

முறையான காற்றில் வரவில்லை என்பது உண்மை. அதை வைத்துத் தோல்வி என்பவர்கள் 9.99-ஐத் தொடக்கம் என்று எண்ணிவிட்டார்கள். அடுத்தது 9.90, அதற்கடுத்தது 9.85 என்று மனசுக்குள் கோடு போட்டார்கள். எனக்கு என்னவோ, அந்த மாட்ரிட் இரவு அவருடைய 100 மீட்டரின் உச்சி என்றே தோன்றுகிறது. பத்து வினாடிக்குள் வரும் பெரும்பாலோருக்கு இருக்கிற வெடிக்கிற ஸ்டார்ட் அவரிடம் கடைசிவரை வரவில்லை. அது இல்லாமல் 9.99 என்பதே ஆச்சரியம்.

கெடுதல் எங்கே நடந்தது என்றால், அந்த எண் வந்த வயதில். இருபத்தாறு வயதில் ஓடியிருந்தால் அருமையான முத்தாய்ப்பு என்றிருப்பார்கள். இருபதில் ஓடியதால் ஆறேழு ஆண்டுகள் அதற்கு வட்டி கட்ட வேண்டியதாயிற்று. 200 மீட்டரில் செலவழித்திருக்க வேண்டிய 2019, 2020, 2021 ஆகிய மூன்று நல்ல ஆண்டுகளும் 100 மீட்டருக்குப் போயின என்பது என் வருத்தம். அவர் அப்பாவும் அவரும் வேறு மாதிரி நினைக்கலாம், ஓடியவர்கள் அவர்கள்.

இத்தாலியில் இவருக்கு அடுத்து யார்?

பெண்கள் பக்கம் பாருங்கள். ஐவரி கோஸ்டில் பிறந்து சிறுவயதில் இத்தாலி வந்த சைனப் தோஸ்ஸோ 2024 கிளாஸ்கோ உலக உள்ளரங்கப் போட்டியில் 60 மீட்டர் வெண்கலம் வாங்கினார். 2009-ல் பிறந்த கெல்லி துவாலா, 2025-ல் பதினைந்து வயதிலேயே ஐரோப்பிய ஜூனியர் 100 மீட்டர் பட்டத்தைப் பறித்தார். துவாலாவை இப்போதே அடுத்த மென்னேயா, அடுத்த தோர்த்து என்று எழுதத் தொடங்கிவிட்டார்கள். தயவுசெய்து அந்தப் பெண்ணை நிம்மதியாகப் பள்ளிக்கூடம் போகவிடுங்கள்.

ஒரே ஒரு ஓட்டம் பார்க்க நேரம் இருக்கிறது. எதைப் பார்ப்பது?

டோக்கியோ தொடர் ஓட்டம். இரண்டு முறை பாருங்கள். முதல் முறை எல்லோரையும் போலக் கடைசிக் கோட்டைப் பாருங்கள். இரண்டாம் முறை, தேசாலு தோர்த்துவிடம் கட்டையைக் கொடுக்கும் இடத்தில் நிறுத்தி, தோர்த்து எப்போது கிளம்புகிறார் என்று கவனியுங்கள். கொஞ்சம் சீக்கிரம் கிளம்பியிருந்தால் தேசாலுவுக்கு எட்டியிருக்காது, தாமதித்திருந்தால் இருவரும் மோதிக்கொண்டிருப்பார்கள். அந்த 0.01 கோட்டில் கிடைத்தது என்று நினைக்கிறோம், பாதி அங்கேயே கிடைத்துவிட்டது.